நெடுவிளைத்துறையின் சிவப்பு அட்டை

நெடுவிளைத்துறை ஆண்கள் யாருக்கும் அடங்க மாட்டார்கள் என்பது குளோரி கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்தே கண்டது. பங்குத்தந்தை கூப்பிட்டுக் கண்டித்தால் தலையைக் குனிந்து கேட்பார்கள். கோயில் முற்றத்தைத் தாண்டுவதற்குள் மறந்துபோவார்கள். ஊர்க் கமிட்டி அபராதம் போட்டால் மறுபேச்சில்லாமல் கட்டுவார்கள். கட்டிய எரிச்சலை வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியின் முதுகில் தீர்ப்பார்கள். போலீஸ் என்று யாராவது வாயெடுத்தால் போட்டில் ஏறிவிடுவார்கள். ஆழ்கடலில் கிடக்கிறவனைத் தேடி எந்தப் போலீஸ் வரும்?

அதனால்தான், 2006-இல் கால்பந்து உலகக் கோப்பை நடந்த சமயம் ஒரு சாயங்காலம் ஊர் கிளப்பில் கண்ட காட்சி அவளை அப்படி உலுக்கிவிட்டது.

கருங்கல் சந்தையில் மீன் விற்றுவிட்டுக் காலிச் சருவத்தோடு திரும்பியவள், வீட்டுச் சாவி கணவன் டைட்டஸின் சட்டைப் பையில் இருப்பது நினைவு வந்து கிளப்புக்குப் போனாள். ஊரின் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் டிவி முன்னால் குந்தியிருந்தார்கள். திரையில் மலைபோல ஓர் ஆட்டக்காரன், கறுப்புச் சட்டை போட்ட ஒரு குட்டை மனிதனின் முகத்துக்கு நேரே கத்திக்கொண்டிருந்தான். குட்டை மனிதன் பைக்குள் கைவிட்டு ஒரு சிவப்பு அட்டையை எடுத்து உயர்த்தினான். அவ்வளவுதான், மலை கரைந்துவிட்டது. சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தது.

வாசல் ஓரமாக உட்கார்ந்திருந்த ஆபேலின் தோளைக் குளோரி தட்டினாள். "ஏலே ஆபேலு, அந்தக் கட்டையனா ரெஃப்ரி?"

"ரெஃப்ரியாக்கும் அக்கா."

"அவனுக்குப் பொறத்தால போலீசு நிக்கா?"

"போலீசா? ஒருத்தனும் இல்ல."

"பின்ன இந்தத் தடியன் எதுக்கு அழுதுட்டுப் போறான்? ஓங்கி ஒண்ணு வச்சா கட்டையன் கடல்ல போய் விழுவானே."

ஆபேல் திரும்பி அவளை இரக்கத்தோடு பார்த்தான். "கார்டு காட்டியாச்சுல்லா அக்கா," என்றான். "கார்டு காட்டினா தீந்து."

ஆபேல் இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்ன தொனியைத்தான் குளோரி வீடு வரை சுமந்துகொண்டு போனாள். பெரிய வியாழக்கிழமை பாதம் கழுவும் சடங்கின்போதுகூட அவன் குரலில் அத்தனை பக்தியை அவள் கேட்டதில்லை. அந்த ஆபேல்தான் வாரத்துக்கு இரண்டு தடவையாவது மனைவி பெபிஷாவைப் போட்டு அடிக்கிறவன்.

சுனாமி முடிந்த வருஷம் எங்கிருந்தோ வந்த ஒரு தொண்டு நிறுவனம் ஊரில் மகளிர் குழு ஒன்றைத் தொடங்கிவைத்தது. ஆளுக்கொரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார்கள். பெண்கள் மீதான வன்முறை என்று தலைப்பிட்டுப் படம் போட்டுக் காட்டினார்கள். பிறகு அவர்களுக்கு வேறு ஏதோ மாநிலத்தில் வெள்ளம் வந்துவிட்டது, போய்விட்டார்கள். குழு மட்டும் நின்றது. எல்லாரும் மீன் விற்கிற பெண்கள், குளோரி தலைவி. அடிபட்டவளைக் கூட்டிக்கொண்டு மகளிர் காவல் நிலையம் வரைக்கும் இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறார்கள். அங்கே பெஞ்சில் உட்காரவைத்து, "புருஷன் பெண்டாட்டிக்குள்ள பேசித் தீர்த்துக்கோங்கம்மா, மீன் கூடையை மட்டும் வெளிய வையுங்க," என்று அனுப்பிவிட்டார்கள்.

கிளப்பிலிருந்து வந்தவள் நேரே புழக்கடைக்குப் போய், விளிம்பு உடைந்த நிவாரண வாளியை எடுத்து மீன் வெட்டும் கத்தியால் ஒரு சதுரம் அறுத்தாள். எச்சரிக்கைக்கான மஞ்சள் அட்டைக்கு டைட்டஸின் இஞ்சின் ஆயில் கேன் உதவியது.

அடுத்த ஞாயிறு மதியம் ஆபேல் வீட்டிலிருந்து சத்தம் வந்தது. சாளை மீன் கறியில் புளி கூடிவிட்டதாம். குளோரி நாலைந்து பெண்களோடு போனாள். அடுக்களை வாசலில் பெபிஷா விழுந்து கிடந்தாள். ஆபேல் கையை ஓங்கி நின்றான். குளோரி மஞ்சள் அட்டையை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்தாள்.

ஆபேல் அதைப் பார்த்தான். ஓங்கிய கை தானாக இறங்கியது. இறங்கியதோடு நிற்காமல் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய்க் கோர்த்துக்கொண்டன.

"எனக்கா? நான் தொடவே இல்ல அக்கா!" என்று கத்தினான். "அவளா விழுந்தா! மாதா சத்தியமா அவ நடிக்கா!"

அதற்குள் மதில்மேல் நாலைந்து தலைகள் முளைத்துவிட்டன. ஆபேல் அவர்களைப் பார்த்து, "நீங்க கண்டியளா? நீங்க சொல்லுங்கோ," என்று முறையிட்டான்.

"ஏலே, நான் நேராட்டுக் கண்டேன்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "பந்து இல்லாத எடத்துல ஃபவுல். அதுக்கு நேரடியா செவப்பே குடுக்கலாம். மஞ்சயோட விட்டாளேன்னு சந்தோசப்படு."

"அதெப்படி நேரடியா செவப்பு? மொத ஃபவுல்லா?" என்று இன்னொரு தலை கேட்டது. மதில்மேல் விவாதம் முற்றி, ஒரு மணி நேரம் ஓடியது. மஞ்சளா சிவப்பா என்றுதான் சண்டை போட்டார்களே தவிர, அட்டையைக் காட்ட நீ யார் என்று குளோரியை ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது.

டைட்டஸ் மட்டும் கேட்டான். ஊரிலேயே மாவட்ட அளவில் பரீட்சை எழுதித் தேறிய ஒரே ரெஃப்ரி அவன். ஒருமுறை கடைசி நிமிஷத்தில் சொந்த ஊருக்கு எதிராகப் பெனால்டி கொடுத்து, வீட்டு ஓட்டில் கல் விழ வைத்தவன். குளோரியை அவன் ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் சோறு வடிப்பதிலிருந்து சிலுவை போடும் வேகம் வரை எல்லாவற்றிலும் அவளைத் திருத்திக்கொண்டே இருப்பான்.

"இது களியில்ல. களின்னா வெளையாட்டு, அதுக்கு ஒரு மானம் உண்டு," என்றான். "கெரவுண்டு இல்ல, கோடு இல்ல, விசில் இல்ல. நீ பாட்டுக்கு ஆயில் கேன வெட்டிக் காட்டினா கார்டு ஆவுமா?"

"ஆபேலு கைய இறக்கினான்லா?"

"அது வேற. நீ என்ன கலர் சேலை உடுத்திருந்த?"

"நீலம்."

"நம்ம டீமுக்க கலரு நீலமாக்கும். ரெஃப்ரி களிக்காரனுக்க கலரு உடுக்கப்பிடாது," என்று சொல்லி, தன்னுடைய பழைய கறுப்புச் சட்டையை எடுத்து அவள் மடியில் எறிந்தான். சம்மதமா கண்டனமா என்று அவளுக்குப் புரியவில்லை. அன்றுமுதல் அட்டை காட்டப் போகும்போது சேலைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டாள்.

ஆபேல் இரண்டாவது மஞ்சளும் வாங்கினான். இரண்டு மஞ்சள் சேர்ந்தால் சிவப்பு என்று எல்லாருக்கும் தெரியும். சிவப்பு வாங்கினால் எங்கே போவது என்பதில்தான் குழப்பம். "வெளிய," என்றாள் குளோரி. ஆபேல் ஒரு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு, கிளப்பைப் பார்த்து நடந்தான். வழியில் நின்றவர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். கிளப் செயலாளர் ஜெபசீலன் அதற்கு மேலே போனார். "செவப்பு வாங்கினவன் அடுத்த களிக்கு இல்ல. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்று சொல்லிக் கிறிஸ்மஸ் கோப்பை செமிஃபைனலில் அவனை உட்காரவைத்தார். ஆபேல் டீமின் மாற்று கோல்கீப்பர், ஊர்ப் பேச்சில் கோலி. பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறவன். அதனால் சட்டத்தை அமல்படுத்துவதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

பிறகு அட்டை ஊருக்குள் பரவிவிட்டது. பெண்கள் வாளி வாளியாக அறுத்தார்கள். கிளப்பில் படுக்கையோடு வந்து சேர்ந்தவர்கள் பெருகி, கேரம் போர்டின் மேலேயும் ஆள் படுக்க வேண்டியதாயிற்று. யாருக்கும் சமைக்கத் தெரியாது. மரச்சீனிக் கிழங்கை வேகவைக்காமலே தாளித்தார்கள். சிலர், சண்டையைத் தொடங்கியது அவள்தான், இரண்டு பேருக்கும் மஞ்சள் காட்ட வேண்டும் என்று வாதாடினார்கள். ஒருவன் அட்டையைப் பிடுங்கி ஒடித்தான். கிளப்பே கூடி அவனைத் தள்ளிவைத்தது. பெண்டாட்டியின் பல்லை உடைத்ததற்கு அல்ல, அட்டையை ஒடித்ததற்கு. இது குளோரிக்கு நன்றாகவே தெரிந்தது. சந்தையில் மீன் செதுக்கும்போது இதை நினைத்தால் சிரிப்பும் வரும், வாய்க்குள் கசப்பும் வரும். ஆனால் பெபிஷா, "நான் இப்பம் நல்லா ஒறங்குகேன் அக்கா," என்று சொல்கிறாள். அதற்கு என்ன செய்வது?

ஜனவரியில் ஊர்த் திருவிழா வந்தது. திருவிழா என்றால் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் டூர்னமெண்ட். நெடுவிளைத்துறை ஃபைனலில் நுழைந்துவிட்டது. எதிரணி மேலக்குடித்துறை. அந்தக் கோப்பையை மேலக்குடித்துறைக்காரர்கள் வருஷா வருஷம் படகில் வைத்துக் கொண்டாடிக்கொண்டு போவார்கள். இந்த முறை விட மாட்டோம் என்று ஊர் நம்பியதற்குக் காரணம் ஷிஜின். இருபத்தாறு வயது கோலி. அவன் கையைத் தாண்டி ஒரு பந்தும் போகாது. தங்கக் கை என்று பிளெக்ஸ் அடித்து, அவன் இரண்டு உள்ளங்கைகளையும் ஆளுயரத்துக்குப் படம் போட்டுப் பஸ் ஸ்டாப்பில் கட்டியிருந்தார்கள்.

ஃபைனலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஷிஜினின் மனைவி ஜெனிலா குளோரியின் வீட்டுக்கு வந்தாள். கருங்கல் பக்கத்துப் பெண், நர்சிங் படித்தவள், கல்யாணமாகி ஆறு மாதம் ஆகவில்லை. இடது கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"குவைத்துல இருந்து நர்ஸ் வேலைக்கு போன் வந்துது அக்கா. அவருகிட்ட கேக்காம எடுத்துப் பேசிட்டேன்," என்றாள். "ஒரே அடிதான். இந்தக் காதுக்குள்ள கடலு எரையுத மாதிரி இரிக்கு."

குளோரி அவளை உட்காரவைத்துக் கட்டன்காப்பி கொடுத்தாள். கறுப்புச் சட்டையை எடுத்தாள். பிறகு அட்டைகளை எடுத்தாள். மஞ்சளையும் சிவப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

கோல் போஸ்டுக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை கத்துவது குளோரியின் திருவிழா. சந்தையில் மேலக்குடித்துறைப் பெண்கள் ஒவ்வொரு ஜனவரியும் அவளுக்கு முன்னால் சருவத்தைத் தட்டித் தாளம் போட்டுச் சிரிப்பார்கள். இந்த வருஷம் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அவள் மூன்று மாதமாக யோசித்து வைத்திருந்தாள். ஒரே ஒரு அடிதானே, முதல் தடவைதானே என்று மனது நைச்சியமாகப் பேசியது. மஞ்சள் காட்டினால் அவன் களத்தில் இருப்பான்.

"மோளே," என்றாள் மெல்ல. "மொத தடவல்லா. மஞ்ச போதுமாட்டி?"

ஜெனிலா பதில் சொல்லவில்லை. ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி காப்பியை ஊதிக்கொண்டிருந்தாள். குளோரி மறுபடி கேட்டாள். அப்போதும் பதில் இல்லை. அப்புறந்தான் தான் நிற்பது அவளுடைய இடது பக்கம் என்று குளோரிக்கு விளங்கியது. நல்லவேளை, கேட்கவில்லை. மஞ்சளை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டுச் சிவப்போடு இறங்கினாள்.

கடற்கரையில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஷிஜின் பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்து எழுந்தபோது அவன் முன்னால் கறுப்புச் சட்டை நின்றது. சிவப்பு உயர்ந்தது. விளையாட்டு அப்படியே நின்றது. ஷிஜின் அட்டையைப் பார்த்தான், தன் கையுறைகளைப் பார்த்தான். "அக்கா, நாளைக் கழிச்சு ஃபைனல்," என்றான். குளோரி அட்டையை இறக்கவில்லை. அவன் பந்தை மணலில் வைத்துவிட்டுக் கோட்டைத் தாண்டி நடந்தான். செயலாளர் ஜெபசீலன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் மணலை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை குளோரி வீட்டுக்கு ஊரே வந்தது. ஜெபசீலன், ஷிஜினின் அம்மா, கமிட்டிக்காரர்கள், பின்னால் பங்குத்தந்தை. குழுவிலிருந்தே சில பெண்களும் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் கோப்பை வேண்டும். முந்தின நாளிலிருந்து குளோரி வீட்டிலேயே தங்கிவிட்ட ஜெனிலா முற்றத்தில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜெபசீலன் அவள் பக்கத்தில் குந்தி, நெஞ்சு உருகப் பேசினார். ஊர் மானம், கோப்பை, குழந்தைகளின் கனவு, மேலக்குடித்துறைக்காரனின் நக்கல். ஷிஜினின் அம்மா மூக்கைச் சிந்தினாள். பங்குத்தந்தை மன்னிப்பைப் பற்றி நற்செய்தியிலிருந்து இரண்டு உவமைகள் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஜெனிலா தற்செயலாகத் திரும்பி, இத்தனை பேரைக் கண்டு திடுக்கிட்டு எழுந்தாள்.

"என்னவாவது சொன்னியளா?" என்றாள். "இந்தக் காது கேக்காது. இங்கோட்டு வந்து சொல்லுங்கோ."

அவர்கள் எழுந்து, வரிசை மாறாமல் வலது பக்கத்துக்குப் போனார்கள். ஜெபசீலன் மறுபடி தொடங்கினார். ஆனால் உருக்கம் இரண்டாம் தடவை வரவில்லை. ஊர் மானத்தோடு நிறுத்திக்கொண்டார். ஷிஜினின் அம்மாவுக்குக் கண்ணீர் தீர்ந்துவிட்டிருந்தது. பங்குத்தந்தை ஜெனிலாவின் காதைப் பார்த்தார், உவமையைத் தொடங்கவேயில்லை. "நாகர்கோவில்ல ஒரு காது டாக்டர் இருக்கார்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

ஃபைனல் அன்று ஷிஜின் நீலச் சட்டையும் கையுறையுமாகக் களத்துக்கு வந்தான். முந்தின நாள் கிளப் கூடி ஒரு முடிவெடுத்திருந்தது: பெண்கள் காட்டுவது வீட்டு அட்டை, களத்துக்குச் செல்லாது. ஊர் கைதட்டியது. குளோரி கோல் போஸ்டுக்குப் பின்னால் ஜெனிலாவையும் பெபிஷாவையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வேறு வழி ஒன்றும் தெரியவில்லை.

வழி எதிரணியிலிருந்து வந்தது. மேலக்குடித்துறை கேப்டன் சத்தியராஜ் நடுக்கோட்டுக்கு வந்து கையை உயர்த்தினான்.

"ரெஃப்ரி, ஒரு அப்ஜக்சன் உண்டு. இவங்க கோலி செவப்பு வாங்கினவனாக்கும். எப்படி எறங்குவான்?"

டைட்டஸ்தான் ரெஃப்ரி. சொந்த ஊருக்கே பெனால்டி கொடுத்தவன் என்பதால் இரண்டு ஊரும் அவனைத்தான் கேட்டு வாங்கியிருந்தன.

ஜெபசீலன் ஓடி வந்தார். "அது பொம்பளையளுக்க காரியம். களிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"அப்படியா?" என்றான் சத்தியராஜ். "கிறிஸ்மஸ் கோப்பையில ஆபேலு எதுக்கு வெளிய இரிந்தான்? நானும் அவனும் ஒரே போட்டுலதான் போறோம். பெபிஷாவ அடிச்சதுக்கு கார்டு, அதனால களியில்லன்னு எனக்கிட்ட சொல்லிச் சொல்லி அழுதான். ஆபேலுக்குச் செல்லும், ஷிஜினுக்குச் செல்லாதுன்னா, அது என்ன சட்டம்?"

அவனுக்கு ஜெனிலாவைத் தெரியாது. அவள் காதைப் பற்றி அக்கறையும் இல்லை. அவனுக்குக் கோலி இல்லாத போஸ்ட் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவன் கேட்டதும் நெடுவிளைத்துறைக்காரர்கள் எல்லார் தலையும் ஆபேலைத் தேடித் திரும்பியது. ஆபேல் வெற்றிலைக்கடைப் பந்தலுக்குப் பின்னால் ஒளிந்தான்.

டைட்டஸ் விசிலை வாயிலிருந்து எடுத்தான். கோட்டைப் பார்த்தான். குளோரிக்கு அவனைத் தெரியும். அவன் அவளை நினைக்கவில்லை, ஊரை நினைக்கவில்லை, சட்டத்தை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஷிஜின்," என்றான். "உனக்குக் கார்டு காட்டினாங்களா?"

"காட்டினாங்க அண்ணே."

"எதுக்குன்னு தெரியுமா?"

ஷிஜின் தரையைப் பார்த்தான். "தெரியும்."

"காட்டினப்ப நீ என்ன செஞ்ச? அங்கேயே நின்னியா?"

"இல்ல. வெளிய போனேன்."

"வெளிய போனவன் கார்டை ஒத்துக்கிட்டவனாக்கும்," என்றான் டைட்டஸ். "நீ எறங்க முடியாது. மாத்தி ஆளை விடுங்கோ."

கல் விழும் என்று அவனுக்குத் தெரியும். சட்டை பொத்தானை ஒருதரம் சரிபார்த்துவிட்டு நேரம் பார்த்தான்.

மாற்று கோலி ஆபேல்தான். பந்தலுக்குப் பின்னாலிருந்து இழுத்து வந்து ஷிஜினின் கையுறைகளை மாட்டிவிட்டார்கள். ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆபேல் பந்து வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டான். திறக்கும்போது பந்து வலைக்குள் இருந்தது. ஆறாவது கோல் விழுந்தபோது பெபிஷா எழுந்து நின்று, "ஏய் மனுசா, கண்ணத் தொற!" என்று கத்தினாள். ஆபேல் அவளைத் திரும்பிப் பார்த்தான். அதற்குள் ஏழாவது.

அன்று ராத்திரி டைட்டஸின் வீட்டு ஓட்டில் கல் விழுந்தது. வழக்கத்தைவிடச் சின்னக் கல். மறுநாள் சந்தைக்குப் போகும் வழியெல்லாம் குளோரி வசவை எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள். கேட்டது வேறு.

"அந்தச் சவத்துப் பய ஒருத்தன் கைய நீட்டினதுனால கப்பு போச்சு," என்றார் டீக்கடையில் ஒருவர். "களி வெச்சிருக்க ஆளு, ரெண்டு நாள் பொறுக்க முடியாதாலே?" என்றார் இன்னொருவர். ஜெனிலாவைத் திட்டியவர்களும் உண்டு, குளோரியைத் திட்டியவர்களும் உண்டு. ஆனால் பெண்டாட்டியை அடித்ததற்காக ஓர் ஆணை ஊர் ஏசுவதைக் குளோரி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். காரணம் கோணல். இரண்டு நாள் பொறுத்து அடித்திருந்தால் ஒன்றுமில்லை என்கிறார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்த வாரக் கடைசியில் ஷிஜின் குளோரியின் வாசலில் வந்து நின்றான். பின்னால் ஜெபசீலனும் பாதி டீமும்.

"ஒரு களி முடிஞ்சுது," என்றார் ஜெபசீலன். "சஸ்பென்சன் தீந்து. சட்டப்படி இனி அவன் பெண்டாட்டிய அனுப்பணும்."

குளோரி டைட்டஸைப் பார்த்தாள். டைட்டஸ் வருத்தத்தோடு தலையாட்டினான். "சட்டம் அப்படித்தான். ஒரு செவப்புக்கு ஒரு களி."

தான் அறுத்தெடுத்த அட்டை திரும்பித் தன் மேலேயே பாயும் என்று அவள் யோசித்திருக்கவில்லை. அட்டையை நம்பி வந்தவளை அட்டையின் பேரிலேயே அனுப்பிவைப்பதா? அதற்குள் ஜெனிலா உள்ளேயிருந்து வந்தாள். அன்று காலைதான் நாகர்கோவிலுக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். காதில் பஞ்சு.

"சவ்வு கிழிஞ்சு போச்சாம்," என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "தானா கூடினாலும் கூடும், இல்லன்னா ஆபரேசன். முழுசா கேக்குமான்னு இப்பம் சொல்ல முடியாதாம். எனக்கு அது கேக்கட்டு. அதுக்கப்புறம் வாறதா வேண்டாமான்னு நான் யோசிக்கேன்."

வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காயம் ஆறும்வரை என்று ஒரு விதி இருக்கிறதா? ஜெபசீலன் டைட்டஸைப் பார்த்தார். டைட்டஸ் உதட்டைப் பிதுக்கினான். ஷிஜின் மட்டும் எவரையும் பார்க்காமல் கைகளை இரண்டு பைகளுக்குள்ளும் திணித்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பிப் போனான்.

அன்று சாயங்காலமே குழு கூடியது. ஒரு களிக் கணக்கெல்லாம் இனிக் கிடையாது, சிவப்பு வாங்கினவன் வீட்டுக்குள் வருவதும் களத்தில் இறங்குவதும் அடிவாங்கினவள் சொன்ன பிறகுதான் என்று பெபிஷா சொன்னாள். எல்லாரும் கையைத் தூக்கினார்கள்.

"இது எந்தச் சட்டத்துலயும் இல்ல," என்று வீட்டில் டைட்டஸ் முறைத்தான்.

"சட்டம் எழுதினவன் ஒருத்தனாவது கெட்டின புருசன்கிட்ட அடிவாங்கியிருப்பானா?" என்றாள் குளோரி. டைட்டஸ் வெகு நேரம் யோசித்தான். இல்லை என்றுதான் தோன்றுகிறது என்றான்.

கிளப்புக்கு இது பேரிடியாக வந்து சேர்ந்தது. ஆபேலை வைத்துக்கொண்டு அடுத்த டூர்னமெண்டுக்குப் போக முடியாது. ஷிஜின் இறங்க வேண்டுமானால் ஜெனிலா சொல்ல வேண்டும். ஜெனிலா சொல்ல வேண்டுமானால் காது கேட்க வேண்டும். அதனால் நெடுவிளைத்துறை ஆண்கள் ஒரு பெண்ணின் காதுச் சவ்வைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினார்கள். அவள் மார்த்தாண்டத்தில் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஸ்டாப்பில் டீமே நிற்கும். அவள் வரும் நேரத்தில் யாரும் வெடி போடக்கூடாது, மைக்கில் சத்தமாகப் பாட்டு வைக்கக்கூடாது என்று கிளப் தீர்மானம் போட்டது. தும்மல் வந்தால்கூட அந்தப் பக்கம் திரும்பித் தும்மினார்கள்.

ஒரு நாள் குளோரியும் அதே பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஜெபசீலன் வாழையிலையில் பொதிந்த கணவாய் மீனோடு முன்னால் வந்தார். மிகவும் கவனமாக ஜெனிலாவின் வலது பக்கத்துக்குச் சுற்றி வந்து நின்றார்.

"மோளே, காது எப்படி உண்டு? கொறஞ்சிருக்கா? டாக்டர் என்ன பறஞ்சாரு?"

ஜெனிலா பொதியை வாங்கிக் கையால் எடை பார்த்தாள்.

"இன்னும் எரைச்சல் இரிக்கு மாமா," என்றாள்.

"அவசரமே இல்ல மோளே, அவசரமே இல்ல," என்று அவர் பின்னால் நகர்ந்தார்.

இருவரும் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் குளோரி நின்று, ஜெனிலாவின் இடது பக்கமாக, அடிபட்ட காதோரம் வந்து, உதடு அசையாமல் மெதுவாகக் கேட்டாள்: "வறுப்பமா, கறி வைப்பமா?"

"வறுக்கலாம் அக்கா," என்றாள் ஜெனிலா, நடையை நிறுத்தாமல்.